புறாவில் வந்த செய்தியும் முஸ்லிம் நேசனும்: நமக்கென்று ஒரு செய்தி நூதனசாலை இருந்தால்?

கொஞ்சம் நீண்ட பதிவு இது. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். முடிவில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கவிருக்கிறோம்.

கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் நம்மவர் என்பது இங்கே பலருக்குத் தெரிந்த விடயம்தான். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர். கட்டி எழுப்பிய ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் ஆளுநர் “உமக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டாராம். “வெள்ளிக்கிழமைகளில் இந்த இடத்தை மூடி வையுங்கள்” என்று மட்டும் மரிக்கார் கேட்டதாகவும், ஆளுநர் அதை ஏற்றதாகவும் ஒரு கதை நம் பெரியவர்கள் வாயில் இன்றும் உண்டு. நீண்ட காலம் அந்த நூதனசாலை வெள்ளியில் மூடித்தான் இருந்தது.

தரம் 10 பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனபோது இந்தக் கதையை அந்த வாசலில் நின்றே சொன்னோம். உள்ளே போய், கண்டி அரசனின் சிம்மாசனம் பார்த்து, வாள் பார்த்து, நாணயம் பார்த்து, காலி மும்மொழிக் கல்வெட்டில் பாரசீக எழுத்தைப் பார்த்து வெளியே வந்த பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், பேப்பருக்கெண்டு ஒரு மியூசியம் இல்லையா?”

அவள் கேட்டது சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நாம் ஆசிரியர்கள் நான்கு பேரும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தோம்.

உலகத்தில் அப்படி ஒன்று இருந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பென்சில்வேனியா அவெனியூ என்ற பெரிய வீதியில், ‘நியூசியம்’ என்று பெயர். 2008 ஏப்ரலில் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடத்தின் முன்னால் ஒவ்வொரு நாளும் பல ஊர்களின் பத்திரிகை முகப்புகளைக் கண்ணாடிக்குள் ஒட்டி வைப்பார்கள். பாதையில் போகிறவன் காசு கொடுக்காமலே நின்று வாசிக்கலாம். உள்ளே பேர்லின் சுவரின் உண்மையான துண்டுகள், நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தின் உச்சியில் இருந்த ஒலிபரப்புக் கம்பத்தின் எஞ்சிய பகுதி, 1976இல் அரிசோனாவில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட டொன் போல்ஸ் என்ற செய்தியாளரின் கார், பணியில் உயிரிழந்த ஊடகவியலாளர்களின் பெயர்கள் பொறித்த கண்ணாடிச் சுவர். கட்டுவதற்குச் செலவு 45 கோடி டொலர் அளவில். இவ்வளவும் இருந்தும் அது நிலைக்கவில்லை. பக்கத்திலேயே அரசின் பெரிய நூதனசாலைகளுக்கு இலவசமாகப் போகலாம், இங்கே மட்டும் நுழைவுச்சீட்டு. கடன் ஏறியது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடத்தை 37 கோடிக்கு மேல் விலை பேசி விற்று, 2019 டிசம்பர் 31ஆம் திகதி கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவ்வளவு பணம் கொட்டியவர்களாலேயே முடியாதது நம்மால் எப்படி என்று கேட்பீர்கள். நாம் கேட்பது வேறு. மாளிகை வேண்டாம். நம்மிடம் வைப்பதற்கு என்ன இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்வோமே. தேடத் தொடங்கியதும் நமக்கே ஆச்சரியம், அவ்வளவு இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி எங்கே, யாரிடம் கிடக்கிறது என்பது இன்னொரு கதை.

முதலாவதாக வைக்க வேண்டியது ஒரு புறாக் கூடு. நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. கொழும்புத் துறைமுகம் அலைதடுப்புச் சுவரோடு பெரிதாகும் வரை ஐரோப்பியத் தபால் கப்பல்கள் காலிக்குத்தான் வந்தன. உலகச் செய்தியெல்லாம் காலியில் இறங்கும். அங்கிருந்து கொழும்புக்கு வீதியால் எழுபது மைலுக்கு மேல். குதிரை வண்டியில் ஒரு பகல் போய்விடும். 1850களில் ‘ஒப்சேர்வர்’ பத்திரிகைக்காரர்கள் புறா வளர்த்தார்கள். காலியில் கப்பல் நங்கூரம் போட்டதும் முக்கிய செய்திகளை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலில் கட்டி விடுவார்கள். கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் அது வந்து இறங்கும். கிரிமியா யுத்தச் செய்திகளைக் கொழும்பு வாசித்தது அந்தப் புறாக்களின் புண்ணியத்தில். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு. காலிக் கோட்டைக்குள் இன்றும் வாழும் எம்மவர்களின் முப்பாட்டன்மார் அந்தக் கப்பல்களோடு கல் வியாபாரம் செய்தவர்கள். அந்தப் புறாக்கள் தலைக்கு மேலே பறந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கவே ஆசையாக இருக்கிறது.

அச்சு இயந்திரத்தின் கதை அதைவிடப் பழையது. ஒல்லாந்தர் 1737இலேயே கொழும்பில் அச்சகம் வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயர் 1802இல் அரசாங்க வர்த்தமானியைத் தொடங்கினார்கள். அரசும் திருச்சபையும் அச்சிட்டன. மற்றவர்களுக்கு அது எட்டாத பொருள். 1820இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்காக ஜேம்ஸ் கரட் என்ற அச்சாளர் கடல் கடந்து வந்து சேர்ந்தார். அச்சு இயந்திரமும் கையோடு. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ஆட்சியாளர் அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார். மனிதர் திரும்பிப் போனார், இயந்திரம் நல்லூரில் வேறொரு மிஷன் கைக்குப் போனது. அச்சு என்றால் ஆள்பவர்களுக்கு எவ்வளவு அச்சம் என்று பாருங்கள்! அதே அமெரிக்க மிஷன் பின்னர் 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமுமாக வந்த அந்த இதழ்தான் இந்நாட்டின் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றின் தொடக்கம்.

நம் சமூகத்துக்கு வருவோம். “முஸ்லிம்களின் முதல் பத்திரிகை எது?” என்று வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் உயர்ந்து ‘முஸ்லிம் நேசன்’ என்று பதில் வரும். அதற்குப் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே, 1869இல், கொழும்பில் ஒரு மலாய் முஸ்லிம் பத்திரிகை நடத்தியிருக்கிறார். பெயர் பாபா யூனுஸ் ஸல்தீன். பத்திரிகை ‘அலாமத் லங்காபுரி’. மலாய் மொழி, அரபு எழுத்து. ஈய எழுத்துக் கோர்த்து அடித்ததல்ல, கல்லச்சில் அடித்தது. கல்லச்சு என்றால் தெரியாத தம்பிமாருக்கு: ஒரு வழவழப்பான சுண்ணக் கல்லில் கொழுப்பு மை கொண்டு எழுத வேண்டும். பிறகு கல்லை நனைத்தால் எழுத்தில்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எழுத்துள்ள இடம் அச்சு மையைப் பிடித்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் கையெழுத்து அப்படியே இறங்கும். அரபு எழுத்துக்கு இதைவிட வசதியான முறை அன்று இல்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதால் ஈயத்தில் வார்ப்பது பெரும்பாடு.

சிங்கப்பூரில் வெளிவந்த புகழ்பெற்ற ‘ஜாவி பெரனாக்கான்’ 1876இல்தான் தொடங்கியது. அதற்கு ஏழு வருடம் முந்தியது நமது கொழும்பு மலாய்ப் பத்திரிகை. அன்றைய மலாயர்களில் பெரும்பாலானோர் பிரித்தானிய இராணுவத்தின் சிலோன் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள். படையில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆகவே வாசகர்களும் இருந்தார்கள். 1873இல் படைப்பிரிவைக் கலைத்ததும் அந்தக் குடும்பங்கள் பொலிஸுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சிறைச்சாலைக் காவலுக்கும் சிதறின. ஸல்தீன் விடவில்லை. 1895இல் ‘வஜாஹ் சிலோன்’ என்று இன்னொன்றைத் தொடங்கினார். நம் பாடப் புத்தகங்களில் இவருக்கு இன்னும் இரண்டு வரி கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது எமது எண்ணம். மலாய்ச் சகோதரர்களும் நாமும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறோம். அவர்களுடைய எழுத்து வரலாற்றைப் பற்றி நமக்கு ஏன் இவ்வளவு தூரம்?

இனி சித்திலெப்பை. இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர். சட்டத்தரணி. தந்தையும் அதே தொழில். கண்டியில் நல்ல வருமானம், மதிப்பு, நீதிமன்றத்தில் இடம், எல்லாம் இருந்த மனிதர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இதையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, 1882 டிசம்பர் 21ஆம் திகதி கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ என்ற வாரப் பத்திரிகையை வெளியிடத் தொடங்கினார்.

அந்தத் திகதியைக் கொஞ்சம் கவனியுங்கள். எகிப்தில் அந்த வருடம் செப்டெம்பர் 13ஆம் திகதி தெல் எல் கபீரில் அறபி பாஷாவின் படை பிரித்தானியப் படையிடம் தோற்றது. டிசம்பர் மாதத்தில் விசாரணை முடிந்து அவரையும் அவருடைய தோழர்கள் ஆறு பேரையும் இலங்கைக்கு நாடு கடத்தும் தீர்ப்பு வந்தது. 1883 ஜனவரி 10ஆம் திகதி கப்பல் கொழும்புக்கு வந்தது. அதாவது, பத்திரிகை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. உலகம் முழுக்கத் தந்தியில் அடிபட்ட ஒரு செய்தி, தானே கால் முளைத்து நம் ஊர்க் கரையில் இறங்கி வருகிறது! எந்தப் பத்திரிகைக்காரனுக்குக் கிடைக்கும் இப்படி?

ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அவர் ஒரு கலகக்காரர், தோற்றுப்போன கைதி. துறைமுகத்துக்கு அவரைப் பார்க்க ஓடிய மக்களுக்கோ அவர் இஸ்லாமிய உலகத்தின் ஒரு தளபதி. ஒரே மனிதர், இரண்டு செய்தி. சொந்தமாக ஒரு பத்திரிகை இருப்பதும் இல்லாமல் இருப்பதும் எவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. அறபி பாஷாவும் சித்திலெப்பையும் பின்னர் நெருங்கிப் பழகினார்கள். பாஷா 1901 வரை இந்த மண்ணில் இருந்தார். கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரில் ஒரு சிறு நூதனசாலை. கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையையும் பூங்காவையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை அங்கேயும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

சரி, முஸ்லிம் நேசனில் என்ன எழுதினார்? துருக்கி, எகிப்துச் செய்தி எழுதினார். ஆனால் அவருக்கு இருந்த ஒரே பெரிய கவலை பாடசாலை. ஆங்கிலம் படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அஞ்சிய காலம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் அன்றைய நல்ல பாடசாலைகள் எல்லாம் மிஷனரிமாரின் கையில். சித்திலெப்பை அந்தப் பயத்தைத் திட்டவில்லை. அப்படியானால் நாமே பாடசாலை கட்டுவோம் என்றார். அரபும் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம் என்றார். பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார். இதைச் சொன்னதற்கு அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. எழுதியதோடு நிற்கவும் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1884இல் கொழும்பு சோனகத் தெருவில் ஒரு பாடசாலை தொடங்கச் செய்தார். பிறகு 1892 ஓகஸ்டில் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா ஆரம்பமானது, அறபி பாஷாவும் அதற்குத் துணை நின்றார். அதைக் கட்டி நிலைநிறுத்துவதில் முன்னின்ற தனவந்தர் யார் தெரியுமா? மேலே சொன்ன நூதனசாலை வாப்பிச்சி மரிக்கார்தான். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அது.

ஒரு பத்திரிகை, ஒரு பாடசாலை, ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், ஒரு நாடு கடத்தப்பட்ட தளபதி. இவர்கள் நால்வரும் ஒரே பத்து வருடத்துக்குள் சந்தித்துக்கொண்டதால் வந்த பலனைத்தான் இன்று நாம் அனுபவிக்கிறோம். இதை எழுதுகிற நாமும்தான். சமூகம் பாடசாலை கட்டாவிட்டால் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை வாசலை நம்மில் எத்தனை பேர் மிதித்திருப்போம்?

முஸ்லிம் நேசனுக்குத் தென்னிந்தியாவிலும் மலாயா, சிங்கப்பூர் பக்கத்திலும் வாசகர்கள் இருந்தார்கள். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயிபு ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பெயர்களைப் பாருங்கள், அண்ணன் தம்பிக்கு வைத்த பெயர் மாதிரி. நாகூர், காயல்பட்டினம், கொழும்பு, பினாங்கு என்று கப்பலேறிய வியாபாரிகளின் பெட்டிக்குள் இந்தப் பத்திரிகைகளும் பயணித்தன. 1885இல் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திரம்’ நாவலை வெளியிட்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. ஆறே வருடத்தில் இது. எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கும் கதை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று இதைக் குறிப்பிடுவார்கள். பத்திரிகைக்காரன் கையால் எழுதப்பட்ட நாவல் என்பது அதைப் படித்தாலே தெரியும். தூர தேசங்களைப் பற்றிச் சொல்லும்போது அவ்வளவு உற்சாகம்.

1898 பெப்ரவரியில் அவர் காலமானார். அறுபது வயது நிரம்பவில்லை. 1977இல் அரசாங்கம் முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. வருடம் ஒருமுறை பேச்சுப் போட்டிக்கு அவரைத் தலைப்பாக வைக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவித்துப் பரிசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் முஸ்லிம் நேசன் பத்திரிகையின் ஒரு தாளை, வேண்டாம், ஒரு தாளின் நல்ல படத்தையாவது பார்த்த பிள்ளை நம் வலயத்தில் எத்தனை பேர்? ஆசிரியர்கள் எத்தனை பேர்? நம் பாடசாலை ஓய்வறையில் கேட்டோம். ஒருவரும் இல்லை.

எழுத்து நம்மிடம் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்பதற்கு இன்னொரு விடயம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் சோனகர்களின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் வேறு என்பது அவர் வாதம். சட்ட நிரூபண சபையில் நமக்கெனத் தனி ஆசனம் வேண்டுமா இல்லையா என்ற கேள்வி எழுந்திருந்த நேரம். 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்கள் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆனால் கட்டுரைக்குக் கட்டுரையாக, நூல் வடிவில் மறுப்பு வந்தது 1907இல்தான். எழுதியவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். அவரும் ஒரு பத்திரிகையாளர். இராமநாதன் அவர்கள் சொன்னது சரியா பிழையா என்பதை விட்டுவிடுவோம், அதற்கு வேறொரு பதிவே வேண்டும். பத்தொன்பது வருடம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பிறகு வந்த கதை உங்களுக்கே தெரியும். 1930இல் வீரகேசரி, 1932இல் தினகரன். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்ட காலம். 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி வீடுகளுக்குள் வந்ததும் செய்தி காதுக்கு வந்தது. நம் வீடுகளில் வானொலிக்கு இருந்த மரியாதைக்கு ஒரு தனிக் காரணம் பிறை. ரமழான் தலைப்பிறையா, பெருநாள் பிறையா, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் முடிவு எடுத்துவிட்டார்களா என்று உம்மாமார் அடுப்படியில் ஒரு காதும் வானொலியில் ஒரு காதுமாக இருந்த அந்த இரவுகள்! வட்டிலப்பத்துக்குத் தேங்காய் திருவுவதா, ஸஹருக்கு அரிசி போடுவதா என்பதே அந்த ஒரு வரிச் செய்தியில் தொங்கும். நம் நூதனசாலையில் பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காக.

அங்கே நல்லதை மட்டும் வைத்தால் அது பொய்யாகிவிடும். அச்சு இயந்திரம் விஷத்தையும் அச்சடித்திருக்கிறது. 1915 கலவரத்துக்கு முந்திய ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளுக்கு எதிராகச் சில பத்திரிகைகள் எழுதியவற்றை இன்று வாசித்தாலும் மனம் கனக்கும். கண்டியில் தொடங்கிய அந்தத் தீ சில நாட்களில் பல மாவட்டங்களுக்குப் பரவியது. நூற்றுமூன்று வருடம் கழித்து, 2018இல், அதே கண்டி மாவட்டத்தில் திகன. அதற்குச் சில நாள் முன்பு அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடை. கறிக்குள் கருத்தடை மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்கிறார்கள், கேள்வி சரியாக விளங்காத அந்தச் சகோதரர் பயத்தில் “ஓம்” என்ற மாதிரி ஏதோ சொல்கிறார். அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசல் நொறுங்கியது. பரிசோதித்துப் பார்த்த அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாவுக் கட்டி என்றார். அந்த அறிக்கை வருவதற்குள் செய்தி நாடெல்லாம் ஓடிவிட்டது. திகன எரிந்தபோது அரசாங்கம் பேஸ்புக்கை ஒரு வாரமளவில் முடக்கியது. 2020இல் அந்த நிறுவனமே தன் தளம் பயன்படுத்தப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. காலியிலிருந்து புறா எழுபது மைல் பறந்த நேரத்துக்குள் இந்தக் காணொளி எத்தனை கைப்பேசியில் ஏறியிருக்கும் என்று தரம் 11 பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொன்னோம். கணக்கு முடிந்ததும் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

எரிந்ததும் விடப்பட்டதும் என்று ஒரு பட்டியல் வேறு இருக்கிறது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து எம்மவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணச் சோனகத் தெருவுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உறுதியும் நகையும் எடுத்துப் போகவே விடவில்லை, பழைய பத்திரிகைக் கட்டையும் மலர்களையும் யார் எடுப்பார்? புத்தளம் பக்கம் அகதி வாழ்வில் இருந்த ஒரு மூத்த ஆசிரியர் எங்களிடம் சொன்னார்: அவருடைய வாப்பா கட்டி வைத்திருந்த பத்திரிகைத் துண்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்ததாம். பெட்டியின் நிறம்கூட நினைவிருக்கிறது, பச்சை. அதற்குள் என்னென்ன இருந்தது என்பதுதான் மறந்துபோய்விட்டது என்றார். 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையில் கடல் கொண்டுபோனதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சியதை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம். பழைய பத்திரிகை என்றால் கடலைச் சுருளுக்கும் அலுமாரித் தட்டில் விரிக்கவும் நிறைபார்த்து விற்கவும்தான். ஒரு சின்ன இரசாயனப் பாடம் சொல்லிவிடுகிறோம். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதில் ‘லிக்னின்’ என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தாளை மஞ்சளாக்கும், பிறகு அமிலமாகித் தொட்டால் நொறுங்க வைக்கும். பழைய துணிக்கூழில் செய்த இருநூறு வருடத்துக் கிதாபு உறுதியாக இருக்க, நாற்பது வருடத்துப் பத்திரிகை அப்பளம் மாதிரி உடைவது இதனால்தான்.

நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வு செய்கிறவர்கள் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் நம் பழைய இதழ்களும் மலர்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன, இன்றிரவே திறந்து பாருங்கள். மர்ஹூம் புன்னியாமீன் அவர்கள் நம் எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்களின் விபரங்களைத் தேடித் தேடித் தொகுத்து நூல்களாகத் தந்துவிட்டுப் போனார். தனி மனிதராக அவ்வளவு செய்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் கொழும்பில் இருப்பது கொழும்பில் இருப்பதுதான். நம் ஊர்ப் பிள்ளை தன் ஊர்ப் பெயர் அச்சில் வந்த ஒரு தாளைத் தொடும் தூரத்தில் பார்க்க வேண்டுமென்றால் அது ஊரில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே உதவி இதுதான். அதிபரின் அனுமதியோடு நம் பாடசாலை நூலகத்தின் வடக்குப் பக்க மூலையைச் சுத்தம் செய்திருக்கிறோம். இரண்டு கண்ணாடி அலுமாரி பழைய மாணவர்கள் தந்தது. அடுத்த தவணை தொடங்கும்போது அதில் செய்திப் பகுதி திறக்கிறோம். பழைய பத்திரிகை, பாடசாலை மலர், கைஎழுத்துச் சஞ்சிகை, பள்ளிவாசல் நோட்டீஸ், தேர்தல் துண்டுப் பிரசுரம், தந்தி, மௌத் அறிவித்தல் அச்சிட்ட தாள், அச்சகத்தில் வேலை செய்தவர்கள் வீட்டில் கிடக்கும் ஈய எழுத்து, மரப்பெட்டி, எதுவாயினும் தேடிப் பாருங்கள். தர மனமில்லாவிட்டால் பரவாயில்லை. கொண்டு வாருங்கள், உங்கள் முன்னாலேயே படம் எடுத்துவிட்டுக் கையில் தந்துவிடுகிறோம். பெயர் போடச் சொன்னால் போடுவோம், வேண்டாமென்றால் வேண்டாம்.

கிடைத்தால் தயவு செய்து செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளைத் தின்றுவிடும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். லெமினேட் செய்யவே வேண்டாம். மடிப்பை வலிந்து விரிக்காமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

இதுவரை வந்து சேர்ந்தவை: சித்திலெப்பை முத்திரை ஒட்டிய 1977ஆம் வருடத்துக் கடித உறை ஒன்று, தையல் மெஷின் லாச்சியின் அடியில் விரித்திருந்த, மனிதன் சந்திரனில் இறங்கிய செய்தி வந்த தினகரன் அரைப் பக்கம், மூடப்பட்ட அச்சகம் ஒன்றிலிருந்து இருநூறு கிராம் அளவில் ஈய எழுத்துகள். அதில் ‘ழ’ மட்டும் பதினொன்று இருக்கிறது, ‘அ’ ஒன்றுகூட இல்லை. யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.